லேப்டாப்புக்கு வைத்த சந்தனப் பொட்டு

நிலக்கோட்டையில் பூக்கட்டும் கண்ணம்மாள், மகன் சிவபிரகாஷ் படித்த பழைய லேப்டாப்பைத் திண்டுக்கல்லில் சேக் பரீதின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள். கப்பல் வேலைக்குப் போனவனிடமிருந்து நான்கு வருடமாகப் போன்கூட இல்லை. அவன் சிரித்துப் பேசும் ஒரே வீடியோ அதில்தான் இருந்தது; இப்போது அது திறக்கவே கால்மணி நேரம் ஆனது.

சேக் பரீது அதைக் கழற்றிப் பார்த்தார். ஃபேனைச் சந்தனமும் மல்லிகை இதழ்களும் காய்ந்து அடைத்திருந்தன.

"என்னம்மா, இதுக்கு அபிஷேகமா பண்ணுனீக?"

"ஆயுதபூசைக்கு வருசாவருசம் சந்தனம் வச்சுப் பூப்போடுவேன் பாய். எம்புள்ள படிச்ச சாமானாச்சே!"

அவர் சிரிக்கவில்லை. சுத்தம் செய்து, வேகமான புது டிஸ்க் மாட்டி, வீடியோவைப் பத்திரமாக மாற்றிக் கொடுத்தார். முன்பு கால்மணி நேரம் காக்கவைத்த முகம், இப்போது கண்மூடித் திறப்பதற்குள் வந்து சிரித்தது.

கண்ணம்மாள் திரையைத் தடவினாள். கண்ணீர் பொங்கியது.

"இதுல இம்புட்டு வெரசா வந்துட்டியே அப்பு... வீட்டுக்கு எப்ப வருவ?"