சுவருக்குள் போகும் கட்டில்

கொக்கியைக் கழற்றி இழுத்தால் சுவரிலிருந்து கட்டில் இறங்கும். தூக்கி மாட்டினால் ஹால் திரும்பக் கிடைக்கும். சரவணம்பட்டியில் எங்கள் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. முதுகில் ஆபரேஷன் முடிந்த அப்பாவைக் கூட்டிவந்தபோது, அதை வாங்கிப்போட்ட பெருமைகூட எனக்கு இருந்தது. காயம் ஆறும்வரை உட்காரவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் உடம்பு கேட்கப் போகாமல் இருக்க முடியாது. போகாதவர் பெயர் அடுத்த கல்யாணம் வரைக்கும் அடிபடும். பங்காளிகள், மாமன் மச்சான், என் மாமனார் மாமியார் என்று ஆரஞ்சுப் பையோடு வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் விரித்திருந்தால் ஹாலில் நிற்க மட்டும்தான் இடம். வந்தவர்களை நிற்கவைத்துவிட்டுப் படுத்திருப்பதா, அதுவும் மகளைக் கொடுத்த வீட்டில், சம்பந்தி முன்னால்? காலிங் பெல் அடித்ததும் அப்பா சுவரைப் பிடித்து எழுந்துவிடுவார். என் கணவர் கட்டிலைத் தூக்கி மாட்டுவார், நான் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவேன். அப்பாவும் ஒன்றில் விறைப்பாக உட்கார்ந்து, வேர்த்த முகத்தோடு, பரவாயில்லீங்க என்பார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்ற திருப்தியில் அவர்கள் சாவகாசமாகக் காப்பி குடிப்பார்கள்.

கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் என்ன வேற்றாளா என்று அன்றைக்கே வந்தார்கள். எங்கள் அறையில் படுக்கச் சொன்னால், மருமகன் அறையில் எப்படி என்று அப்பா மறுத்துவிட்டார். யார்மேல் கோபப்படுவது? எல்லாரும் பாசத்தில்தான் வந்தார்கள். அந்தப் பாசத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தையல் விட்டுச் சீழ் பிடித்தது. மறுபடி ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அவரால் எழவே முடியவில்லை.

"நம்ம காங்கேயத்து ஊட்டுக்கே கொண்டுபோய் உட்ரு கண்ணு," என்றார். "அங்க நான் படுத்துக் கெடந்தாலும் வாரவங்களுக்கு எடம் இருக்கும்."

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பங்காளிகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்; பெரிய கூடத்தில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுக்கவைத்திருந்தார்கள். யாராவது பிடித்தால்தான் அவரால் திரும்ப முடியும். என் காலடிச் சத்தம் கேட்டதும், யாரென்று தெரியாமலே தலையைத் தூக்கப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. எந்திரிக்க முடியலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உக்கார எடம் இருக்குதுங்களா?"

அத்தனை பெரிய கூடத்தில் நின்றுகொண்டே அழுதேன்.