பயிற்சிக்குப் போனவள்

மழுப்பிச் சொல்லமாட்டன், எனக்கு அவளில வயித்தெரிச்சல். எங்கட பொது நூலகத்தில பதினாலு வருசமா இரவல் குடுக்கிற மேசையில இருந்தவள் நான். ஷெல்லடிச்ச நாளிலயும் ஆமிச் சென்றி ஒவ்வொண்டிலயும் பஸ்ஸால இறங்கி நடந்து வந்து கதவு திறந்திருக்கிறன். அவள் வேலைக்கு வந்தே மூண்டு வருசம். சமாதானம் எண்டு றோட்டெல்லாம் திறந்துவிட்ட காலத்தில, இணையத்தில தேடப் பழக்கிறதுக்கு ஒராளை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. நூலகர் ஐயா அவளைத்தான் அனுப்பினார். "அந்தப் புள்ள டக்கெண்டு பிடிச்சிரும்" எண்டார். அப்ப நான் என்ன, மரக்கட்டையா?

மூண்டு நாளில பழகிற்று வந்தாள். கணினி மேசை அவளுக்கே போயிற்று. படிக்கிற பிள்ளையளெல்லாம் என்னைத் தாண்டி அவளிட்டப் போகத் தொடங்கிச்சுதுகள். எங்களுக்கும் அவள்தான் பழக்கோணுமாம். "வாங்கக்கா, காட்டித் தாறன்" எண்டு ஒவ்வொரு நாளும் கூப்பிடுவாள். "எனக்கு வேலை கிடக்கு புள்ள" எண்டுபோட்டு, அடுக்கின புத்தகத்தையே திரும்ப அடுக்குவன். ஆனா அவளுக்குப் பின்னால நிண்டு களவாப் பாத்துக்கொள்ளுவன்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போன நேரம், கிரானில இருந்து ஒரு மாணவி வந்தா. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்ப எண்டு பாக்கோணுமாம். கொஞ்சம் இருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்ல. நானே போய் இருந்து தேடினன். முதலாவதா வந்த பக்கத்தைத் திறந்து வாசிச்சிற்று, "மாசக் கடைசி மட்டும் நாள் கிடக்கு புள்ள, அவசரமில்ல" எண்டன். அண்டைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில பாவேல்ல.

ரெண்டு கிழமையால அந்த மாணவியின்ட தகப்பன் வந்து நிண்டார். நான் பாத்தது போன வருசத்து அறிவித்தல். இந்த வருசத்துக்குரிய நாள் முடிஞ்சு போயிற்று. "இஞ்ச இருக்கிற அம்மா பாத்துச் சொன்னாவாம். என்ட மகள் ரெண்டு நாளாச் சோறு தின்னேல்ல" எண்டு சொல்லி அந்த மனிசன் அழுதார். ஐயா கணினிக்குப் பொறுப்பானவளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால ஏசினார். நான் வாய் திறக்கேல்ல. அவளும் "நானில்ல" எண்டு சொல்லேல்ல. ஒருக்கா என்னைப் பாத்தாள், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஐயா அந்த மேசையை அவளிட்ட இருந்து எடுத்து எனக்குத் தந்தார். பொறுப்புக் குடுக்க வந்தவள் பக்கத்தில இருந்து, அதே அறிவித்தலைத் திறந்தாள். "எந்தப் பக்கம் திறந்தாலும், எப்ப போட்டது எண்டு முதல்ல பாருங்கக்கா. கீழ இருக்கும்." குரலில ஒரு துளி கோவமில்ல. எனக்கு விளங்கும் மட்டும் ரெண்டு மூண்டு தரம் செய்து காட்டினாள்.

அப்பவாவது எனக்கு வெக்கம் வந்திருக்கோணும். வரேல்ல. இவளால மட்டும் எப்பிடி இப்பிடி இருக்க ஏலுது எண்டு, அதுக்கும் எனக்கு வயிறு எரிஞ்சது.