எட்டு மீட்டர் ஆழத்தில் அடக்கிய மூச்சு

என் கணவர் கணேசனுக்குச் செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடமாக நண்பர்களோடு கடலுக்கடியில் இறங்கிச் சிங்கி இறால் பிடிக்கிறார். அவர் திரும்பும்வரை நான் சாமி அறையைவிட்டு நகர மாட்டேன். "அவ்ளோ பயம்னா நீயும் வந்து பாரு லா" என்றார். கடந்த ஜூன் மாதம் போனேன். வயது நாற்பத்தாறு, நீச்சல் சுமார்.

அதற்கு முன்பே குளத்தில் இரண்டு நாள், கடலில் நான்கு முறை இறங்கிப் பயிற்சி முடித்திருந்தேன், 1,300 ரிங்கிட். காலை 5.40க்குப் புறப்பட்டு, கோத்தா திங்கி வழியாக 85 கிலோமீட்டர், 7.15க்குத் தஞ்சோங் செடிலி கடற்கரை. படகுக்கும் காற்றுக் கலன்களுக்கும் தலைக்கு 190 ரிங்கிட்.

பயிற்றுநர் சேவியர் அண்ணன், பொந்தியான்காரர். படகில் மறுபடியும் சொன்னார்: "மூச்ச மட்டும் அடக்காதீங்கம்மா. அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும்."

தலையாட்டினேன்.

எட்டு மீட்டரில் தண்ணீர் கலங்கல். கை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும். பாறை இடுக்கில் இரண்டு நீள மீசைகள் ஆடின. சேவியர் அண்ணன் காட்டியபடி கையுறையோடு முதுகை அழுத்திப் பிடித்து இழுத்தேன். பழைய கதவு போல அது கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் நடுங்கிப்போய் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

அங்கேதான் தப்பு. பத்து வருடமாகத் தினமும் மூச்சை இழுத்து, அடக்கி, உள்ளே மந்திரம் சொல்லி, பிறகு விடுவது என் பழக்கம். நானாகவே கற்றுக்கொண்டது. பயத்தில் உடம்பு அதையே செய்தது. நெஞ்சு நிறையக் காற்று. பாறை கீழே போவது போலிருந்தது. மேலே போனது நான். தெரிந்தும் மூச்சு வெளியே வரவில்லை. பிள்ளைகள் முகம் வந்தது.

கையிலிருந்த இறால் வாலை மடக்கி வயிற்றில் படீரென்று அடித்தது. கத்திவிட்டேன். கத்தியதில் காற்று குமிழியாக வெளியேறியது. இறாலும் போனது. சேவியர் அண்ணன் என் காலைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக மேலே கூட்டி வந்தார்.

"அடக்கினீங்களா?"

"மந்திரம் சொன்னேண்ணே."

"நானும் கீழ ஜெபமாலை சொல்றவன்தான், குமிழி விட்டுக்கிட்டே. மூச்சு விட்டா சாமிக்குக் கேக்காதா?"

படகில் இருந்த கணேசன் சிரிக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறதா என்று நாலு தரம் கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அரசு பாதுகாக்கும் கடல் பூங்கா எல்லைக்குள் எதையும் பிடிக்கக் கூடாது, மற்ற இடங்களுக்கும் மீன்வளத் துறையில் முன்பே கேளுங்கள். முட்டை சுமக்கும் இறாலை விட்டுவிடுங்கள். வீட்டில் மூச்சுப் பயிற்சி செய்பவர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

அன்று நான் மறுபடி இறங்கவில்லை. கணேசன் இறங்கினார். படகோரம் குனிந்து, அவருடைய குமிழிகள் மேலே வருவதை நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை குமிழி கொஞ்சம் தாமதமாக வந்தது. அதுவரை நானும் மூச்சு விடவில்லை.