நான் கேட்ட மழை

எங்கள் வயலை மழை அழித்த வருசத்துக்கு நான்தான் காரணம் என்று கன காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாப்பாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

கிண்ணியாவுக்கு வெளியே, குளத்துத் தண்ணீர் எட்டாத பக்கத்தில் வாப்பாவுக்கு மூன்று ஏக்கர். வானம் பார்த்த வயல். ஐப்பசியில் மழை விழும், விதைப்பார்கள். மார்கழி முழுக்கப் பெய்யும். தை முடிவதற்குள் மழை விட்டு, வெயிலில் கதிர் பழுக்கும், வெட்டுவார்கள். வாப்பா கலண்டர் பார்த்து நான் கண்டதில்லை. வாசலில் நின்று காற்றைப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து, "நாளைக்கு விதைப்பம்," என்பார். அவ்வளவுதான் கதை. பக்கத்து வயல்காரர்களும் வாப்பா விதைத்தால்தான் விதைப்பார்கள்.

அந்த வருசம் ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை. வாப்பா விதைத்தார். முளை வந்தது. அதோடு மழை காணாமல் போனது. மூன்று கிழமையில் முளை எல்லாம் வைக்கோல் நிறமாகிக் கருகியது. வாப்பா சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லில் பாதியை அள்ளிக்கொண்டு போய் இரண்டாம் முறை விதைத்தார். உம்மா அடுத்த நாளிலிருந்து இரவுக்குக் கஞ்சி வைத்தா.

"இதுவும் போனா அடுத்த வருசம் வரைக்கும் சோறு இல்ல," என்று என் மூத்த சகோதரன், நானா, என்னிடம் சொன்னான். அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மழைத் தொழுகை என்று அறிவித்தார்கள். காலையில் எல்லாரும் வற்றிக் கிடந்த குளத்துக்குள் கூடி மழை வேண்டித் துஆ கேட்க வேண்டும். பழைய உடுப்பு உடுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளையும், ஏலுமானவர்கள் ஆடுமாடுகளையும் கூட்டி வரட்டாம்.

"ஆடு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்கும் உனக்கும் பாவம் இல்ல. உங்கட துஆ கெதியாப் போகும்," என்றான் நானா. "எங்கட லேட்டாத்தான் போகும்."

எங்கள் கிடாய்க்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். தொழுகை முடிந்ததும் மௌலவி தோளில் கிடந்த சால்வையை உட்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டார். ஆண்களும் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். இப்போது இருக்கிற நிலைமை இப்படி மாற வேண்டும் என்று கேட்கிற விதம் அது. வாப்பாவின் சட்டையில் தையல் நூல் எல்லாம் வெளியே தெரிந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் ஒரே நேரத்தில் பிழையாக உடுத்தி நின்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. புறங்கை வானத்தைப் பார்க்கக் கைகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு துஆ கேட்டார்கள்.

மௌலவி அறபியில் கேட்டார். பிறகு தமிழில் கேட்டார். பயன் தருகிற மழை, அழிவு தராத மழை, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிற மழை என்று நீண்டுகொண்டே போனது. கிடாய்க்குட்டி என் தலைத்துண்டைச் சப்பத் தொடங்கிவிட்டது. நான் சுருக்கமாகக் கேட்டுவிட்டேன். யா அல்லாஹ், நிற்காமல் பெய்யட்டும்.

ஐந்தாம் நாள் மழை வந்தது.

வாப்பா முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றார். உம்மா குசினி அடுப்படியிலிருந்து கத்தினா.

"உள்ளுக்கு வாங்க! காய்ச்சல் வரப் போகுது!"

"வரட்டும். கேட்டு வாங்கின காய்ச்சல்தானே," என்றார் வாப்பா.

பயிர் வளர்ந்தது. தையில் கதிர் தலை சாய்த்தது. ஊர் மௌலவியைப் புகழ்ந்தது. அது யாருடைய துஆ என்று எனக்குத் தெரியும்.

மாசியில் வெட்டு. மெசின்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு மெசின் வரும் என்கிற அன்று பின்னேரம் வானம் கறுத்தது. மாசியில் பனி பெய்யும், வெயில் அடிக்கும். மழை பெய்யாது. வாப்பா வாசலில் போய் நின்று காற்றைப் பார்த்தார். "இது சும்மா வெருட்டுது, போயிரும்," என்றார்.

பதினொரு நாள் பெய்தது.

மெசின் சேற்றில் இறங்காது. பயிர் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. வாப்பாவும் நானாவும் வரம்பை வெட்டித் தண்ணீரை விடப் போனார்கள். போன கையோடு திரும்பி வந்தார்கள்.

"வெட்டின வாயால அடுத்த வயல் தண்ணி இங்கால வருது," என்றான் நானா. "தண்ணி போறதுக்கும் ஒரு இடம் வேணுமே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவி மறுபடியும் துஆ கேட்டார். ஒலிபெருக்கியில் வீட்டுக்குக் கேட்டது. மழையை எங்கள் மேல் பெய்ய விடாதே, எங்களைச் சுற்றிவரப் பெய்ய வை என்று கேட்டார். உம்மா குசினி வாசலில் நின்று ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தா.

"உம்மா, சுத்திவர எண்டா எங்க?"

"எங்கயாவது. ஆமீன் சொல்லுங்க."

"மூதூரிலயா?"

மூதூரில் பெரியும்மா இருந்தா, உம்மாவின் மூத்த ராத்தா. அவவுக்கும் வயல் இருந்தது. உம்மா தூக்கிய கையை இறக்கவும் இல்லை, ஆமீன் சொல்லவும் இல்லை. பிறகு, "வாயப் பொத்துங்க மகள்," என்றா.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பெரியும்மாவே போன் எடுத்தா. உம்மா ஸ்பீக்கரில் போட்டா.

"எங்கட பள்ளியிலயும் இண்டைக்கு அதே துஆதான் புள்ள. சுத்திவரப் பெய்யட்டுமெண்டு கேட்டாங்க. நான் கிண்ணியாவ நினைச்சிட்டு ஆமீன் சொல்லல்ல."

"நானும் சொல்லல்ல ராத்தா," என்று உம்மா சொன்னா.

இரண்டு பேரும் அழுதார்கள். நானா என் காதுக்குள், "இவங்க இங்கால தள்ள, அவங்க அங்கால தள்ள, மழை பாவம், ரெண்டு ஊருக்கும் நடுவால ஓடுற கங்கையில நிண்டு யோசிக்கப் போகுது," என்றான். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நிற்காமல் என்று கேட்டவள் நான். இவர்கள் எத்தனை துஆ கேட்டாலும் பாவம் இல்லாத பிள்ளையின் துஆதான் முதலில் போகும். மாற்றிக் கேட்கலாம் என்றால் எங்கே பெய்யச் சொல்வது? மூதூர் வேண்டாம். தம்பலகாமம் வேண்டாம், அங்கும் வயல். கடலில் பெய்யட்டும் என்று கேட்டேன். பிறகு, மீனுக்குப் போகிற மாமா ஒரு கிழமையாகத் தோணி இறக்கவில்லை என்பது நினைவு வந்தது. அதையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். கடைசியில் என்ன கேட்டேன் என்று எனக்கே குழம்பிவிட்டது.

மழை விட்டதும் வாப்பா கத்தியோடு தண்ணீரில் இறங்கி அறுத்தார். அறுத்தது கொஞ்சம்தான். வெளியே காயப்போட இடம் இல்லை. நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு நெல்லை வீட்டுக்குள் விரித்தார்கள். இரண்டு நாளில் வீடு முழுக்கப் புளித்த மணம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நெல்மணிகளில் வெள்ளை வெள்ளையாக முளை. நுனியில் பச்சை. பார்க்க அவ்வளவு வடிவு.

"வாப்பா, வீட்டுக்குள்ள பயிர் வந்திருக்கு!" என்று கத்தினேன்.

உம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. வாப்பா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே போட்டார். அந்த நெல் சோற்றுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது என்று நானா எனக்கு விளங்கப்படுத்தினான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாப்பாவின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வாப்பா, நான்தான் நிக்காமப் பெய்யட்டுமெண்டு கேட்டனான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எப்ப?"

"குளத்துக்குள்ள. எல்லாரும் சட்டையத் திருப்பின நேரம்."

"என்னெண்டு கேட்டீங்க? கேட்ட மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். அடி விழும் என்று பார்த்தேன். விழவில்லை. "ம்," என்றார். என் தலையில் கை வைத்தார். ஈரக் கை. நெல்லைக் கிளறப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் வாப்பா கூலிக்குக் கல் உடைக்கப் போனார். உம்மா பாய் இழைத்தா. இருந்த இரண்டு மாட்டையும் விற்று, வெளியூர் லொறியில் வந்த விதைநெல்லை வாங்கி மூடையில் வைத்தார்கள். ஒருமுறை விதைக்க மட்டும்தான் காணும். உம்மா அந்த மூடைக்குக் கிட்ட எங்களை விடவில்லை.

ஐப்பசி பிறந்தது. இடைக்கிடை மழை விழுந்தது, விட்டது. வாப்பா வாசலில் நின்று காற்றைப் பார்த்தார். உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வயல்காரர் சைக்கிளில் வந்து கேட்டார்.

"என்ன காக்கா, எப்ப விதைக்கிற? ஆக்கள் உங்களத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"பார்ப்பம்," என்றார் வாப்பா.

"பார்த்துப் பார்த்து மாசம் போகுதே."

"நான்தான் சொல்றனே, பார்ப்பம்!"

வாப்பா சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். அந்த ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கணக்குச் செய்துகொண்டிருந்தேன். வாப்பா வந்து என் பக்கத்தில், நிலத்தில் குந்தினார். என் கணக்குக் கொப்பியைப் பார்த்தார்.

"மகள், எப்ப விதைப்பம்?"

"என்னையா கேக்கிறீங்க?"

"ஓம். ஒரு நாள் சொல்லுங்க."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் துஆவுக்கு வேலை இருக்கிறது என்று வாப்பாவே ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன். யோசித்தேன். வெள்ளி பள்ளிக்கூடம் இல்லை. நானும் வயலுக்குப் போகலாம்.

"வெள்ளிக்கிழமை," என்றேன்.

"சரி," என்று எழும்பினார்.

வெள்ளிக்கிழமை விடிய மூடையை அவிழ்த்தார். அவர் வீசுவதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரரும் இறங்கினார். பிறகு அதற்கடுத்தவர். ஜும்ஆவுக்கு முன்னம் வயல் வட்டை முழுக்க ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரம்பில் நின்று ஒவ்வொரு ஆளாக எண்ணினேன். இவ்வளவு பேரும் நான் சொன்ன நாளில் விதைக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. வாப்பாவைப் பார்த்துக் கையசைத்தேன். அவர் பார்க்கவில்லை. குனிந்து வீசிக்கொண்டு போனார்.

அந்தப் போகம் ஒரு மாதிரி வந்தது. அடுத்தது வரவில்லை. அதற்குப் பிறகு வாப்பா என்னிடம் நாள் கேட்கவில்லை. என் துஆவில் அவருக்கு நம்பிக்கை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக் கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். காற்றில் நம்பிக்கை போய், அன்று கொப்பிக்குப் பக்கத்தில் வந்து குந்திய மனிதனுக்குக் கேட்க வேறு இடம் இல்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.