கடல் மேல் போட்ட பழி

இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். குளோரின் நூலை அரிக்கும் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது. என் மனைவியின் முன்பல் உடைந்தது அந்தக் குளோரினால்தான்.

சுனாமியன்று என் கார் ஆசன உயரத்துக்குச் சேற்றுத் தண்ணீரில் நின்றது. பிறகு எஞ்சினைத் திருத்தினேன். சீற் பெல்ட்டை யார் பார்த்தது? யுத்த காலத்தில் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறியவர்களுக்குப் பெல்ட் ஒரு வீண் வேலை. யுத்தம் முடிந்து, பெல்ட் போடாதவர்களைப் பொலிஸார் மறிக்கத் தொடங்கியபோதுதான் இழுத்துப் பார்த்தேன். சேற்று நாற்றம் அப்படியே இருந்தது.

மறுநாள் வாழைச்சேனையில் ஒரு கல்யாணம்.

"இந்தச் சேத்துப் பட்டியப் போட்டா என்ட சீலை என்னத்துக்கு ஆகும்? கழுவித் தாங்க" என்றாள் மனைவி.

சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கலாம். படித்தவனுக்கு அது போதுமா? கிணற்றில் போடக் கொடுத்த குளோரின் தூள் மிச்சம் இருந்தது. அதை வாளியில் தாராளமாகக் கரைத்து, வாளியைக் காருக்குள் வைத்து, அவளுடைய பெல்ட்டைப் பின்னேரம்வரை ஊறவிட்டேன். வெளுத்ததைக் கண்டு பூரித்தேன். ஒழுங்காக அலசவில்லை. பலமாக இழுத்துப் பரிசோதிக்கவுமில்லை. மணந்து பார்த்ததோடு சரி. என் பெல்ட்டைக் கழுவ நேரம் கிடைக்கவில்லை.

வழியில் எருமையொன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். என் அழுக்குப் பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய வெள்ளைப் பெல்ட் தையலோடு கிழிந்தது. டாஷ்போட்டில் முகம் அடிபட்டுப் பல் உடைந்தது.

கராஜ்காரர் கிழிந்த முனையைத் தேய்த்தார், நூல் உதிர்ந்தது.

"சேர், இத என்னத்தப் போட்டுக் கழுவின நீங்க?"

மனைவி பக்கத்தில் நின்றாள்.

"சுனாமித் தண்ணிதான். உப்பு அரிச்சிருக்கும்" என்றேன்.

எங்கள் ஊரில் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோன கடல். அதன் மேல் நான் ஒரு பல்லையும் ஏற்றிவிட்டேன்.

போன மாதம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அலுமாரியிலிருந்து அந்தக் கல்யாணத்துக்கு உடுத்த நீலச் சீலையை எடுத்து விரித்தாள். குறுக்கே, பெல்ட்டின் அகலத்தில், வெளுத்துப்போன கோடு.

"உங்கட கடல் நல்லாத்தான் வெளுத்திருக்கு. நீங்களாச் சொல்லுவீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தன்."

சிரித்தாள், அன்றிலிருந்து பழகியபடி வாயைக் கையால் மூடிக்கொண்டு.