கோட்டுக்குள் ஒரு வாரம்

எங்கள் வீட்டில் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் மச்சான் ஒரு பெட்டி சாக்பீஸோடு வந்தார். மச்சான் என் மனைவியின் அண்ணன், மேஸ்திரி. காகிதத்தில் வரைந்து காட்டினால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, சுவர் எழும்பிய பிறகுதான் குறை சொல்வார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் கட்டப்போவதை அதே அளவில் தரையிலேயே வரைந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு ரோடு போடப்போட எங்கள் கொல்லை பள்ளமாகிக்கொண்டே போனது. கழிவறை அங்கேதான் இருந்தது. மழைக்காலத்தில் என் மனைவி மூட்டுவலியோடு, ஒரு கையில் குடையும் மறுகையில் புடவைக் கொசுவமுமாகத் தண்ணீரில் இறங்கிப் போய்வருவாள். அதற்காகத்தான் வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் கட்ட முடிவு செய்தோம்.

மச்சான் ஹாலின் ஜன்னல் மூலையில் கோடு போட்டார். "இதான் பாத்ரூமு. இந்த ஜன்னல எடுத்துட்டு செவுரு வச்சிரலாம், மேல சின்னதா வென்டிலேட்டர். எதுனா சரியில்லன்னா இப்பவே சொல்லிடு மாப்ள. கட்னதுக்கு அப்பால வந்து நின்னேன்னா நான் டென்ஷன் ஆய்டுவேன்."

நான் தலையை ஆட்டினேன். அஞ்சாங்கிளாசோடு படிப்பை விட்டவன் நான். சேலையூரில் ஒரு பேக்கரியில் அடுப்புப் பக்கம் நிற்கிறேன். வாங்க வருகிறவர்கள் என் முதுகைத்தான் பார்ப்பார்கள். அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவது என் சுபாவம்.

அந்த வாரம் வீடே கலகலப்பாக இருந்தது. நான் மறந்துபோய்க் கோட்டைத் தாண்டினால் என் மகள் கத்துவாள்: "அத்தா, செவுத்துக்குள்ள பூந்து வரீங்க! நீங்க என்ன ஜின் பூதமா?" எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்து சாதாரணமாக ஜன்னல் பக்கம் உட்காரப் போனார். "அய்யோ அக்கா, நீங்க நிக்கிறது பாத்ரூம்ல" என்றாள் மகள். அக்கா பதறிக்கொண்டு காலைப் பின்னால் எடுத்தார்.

ஜன்னலடியில்தான் என் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். கோடு போட்ட அன்றே மெஷினைச் சமையலறை ஓரச் சுவருக்கு நகர்த்தச் சொன்னாள். நானும் மகளும் நகர்த்தினோம்.

எனக்கு விடுமுறை நாள் வந்தது. நான் உள் அறைக் கட்டிலில் படுத்தபடி கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கறுப்பு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, துணியோடு வாசலுக்குப் போனாள். வெயிலில் நின்று தையலைப் பிரித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாசல். அந்த மூட்டுவலிக் காலோடு எழுந்து எழுந்து நடந்தாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"கறுப்புல கறுப்பு நூல் தெரியலங்க. பரவால்ல, பெரிய லைட்டா ஒண்ணு மாட்டிக்கலாம்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லேன்."

"எனக்காகத்தான் வேற வேலைய எல்லாம் தள்ளி வச்சிட்டு வருது. அதுகிட்டப் போயி நொட்டை சொல்லவா? நீங்க சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நான் சொல்ல மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. பாத்ரூம் இல்லாமலும் அவள் கஷ்டப்பட முடியாது. ஜன்னல் இல்லாமலும் அவளால் தைக்க முடியாது. அடுப்பு முன்னால் நின்றபோதெல்லாம் மச்சானிடம் பேச வேண்டியதை மனதுக்குள் பேசிப் பார்த்தேன். ஒரு தடவை வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் மாவு பிசைந்தவர், "யார்கிட்டண்ணா பேசுறீங்க?" என்றார்.

வேலை தொடங்கும் நாள் காலையில் மச்சான் ஆட்களோடு வந்தார். முதல் அடியை வீட்டுக்காரன் கையால்தான் அடிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். சுத்தியலை என் கையில் கொடுத்து, "பிஸ்மில்லா சொல்லி ஜன்னல் ஓரமா ஒரு போடு போடு மாப்ள" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சுத்தியல் கனத்தது.

"இந்த ஜன்னல் வேணும் மச்சான்" என்றேன்.

"இன்னாது?"

"அவ தைக்கிறதுக்கு வெளிச்சம் இங்கதான் வருது. பாத்ரூம உள் ரூம்ல, நான் படுக்கிற மூலையில வச்சிக்கலாம்."

"கட்டில எங்க போடுவ?"

"கட்டில் வேணாம். நான் ஹால்ல பாய் போட்டுக்கிறேன்."

"ஒரு வாரமா வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த? ஆளு, சாமான்லாம் வந்து எறங்குனப்புறம் சொல்ற! பைப்பு வேற சுத்தி இழுக்கணும்." கத்திவிட்டுத் தங்கையிடம் திரும்பினார். "ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாது?"

"நீ மாப்ளயத்தானே கேட்ட? என்னைக் கேட்டியா?" என்றாள் அவள்.

மச்சான் உள் அறைக்குப் போய், என் கட்டிலைச் சுற்றி வந்து, டேப்பை நீட்டினார். மெஷினையும் ஜன்னலையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "ரூமு சின்னதாப் பூடும், அப்பால என்கிட்ட அழாத" என்று முனகிக்கொண்டே சாக்பீஸை எடுத்தார். மகள் ஹாலில் இருந்த பழைய கோட்டை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்தோம். பிஸ்மில்லா சொல்லி என் மூலைச் சுவரில் முதல் அடி அடித்தேன். பூச்சு பொலபொலவென்று என் காலில் உதிர்ந்தது.

தூசிக்குப் பயந்து மகள் மெஷின்மேல் பழைய போர்வையைப் போர்த்தினாள். என் மனைவி அதை எடுத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு டீச்சர் பிளவுஸ் வாங்க வருவாராம். மெஷினை ஜன்னலடிக்குத் தள்ளச் சொல்லி, உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள். உள்ளே சுத்தியல் சத்தம், வெளியே மெஷின் சத்தம். மச்சான் ஒரு நிமிடம் சுத்தியலை நிறுத்திக் கேட்டார்.

"இன்னும் எதுனா சொல்லணுமா மாப்ள? இப்பவே சொல்லிடு."

"டீ சொல்லட்டுமா மச்சான்?" என்றேன்.