இன்டர்வியூ கோட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய் மாதுங்காவில் ஓர் அறையில் வேலை தேடிக்கொண்டு நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நால்வருக்கும் சேர்த்து ஒரே கருப்புக் கோட்டு. இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்குத்தான் அது. டைப்பிங் டெஸ்டுக்கும் மெடிக்கலுக்கும் கிடையாது என்பது அறைச் சட்டம்.

ஒரு கம்பெனியில் எனக்கு ரிட்டன் டெஸ்ட், டிக்டேஷன் டெஸ்ட், ஓரல் எல்லாம் முடிந்து, கடைசியாக மெடிக்கல் எக்ஸாமினேஷன் என்று கடிதம் வந்தது. இத்தனை பெயர்களில் எதில் என்ன கேட்பார்கள் என்றே எனக்குக் குழம்பிப்போயிருந்தது. டாக்டரும் இங்கிலீஷில் கேள்வி கேட்டால்? அதே நாள் எங்கள் நால்வரில் ஒருவனான ராகவனுக்கு வேறிடத்தில் இன்டர்வியூ. கடிதத்தைக் காட்டாமல், "எனக்கும் இன்டர்வியூதான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன், தெரியவில்லை. சீட்டுக் குலுக்கினோம். கோட்டு எனக்கு விழுந்தது.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோட்டையும் சட்டையையும் கழற்றச் சொன்னார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஆணியில் தொங்கிய கோட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வேலைக்கான ஆர்டரையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ராகவன் வெறும் சட்டையோடு திரும்பினான். அவனுக்குக் கிடைக்கவில்லை.

"ஒனக்கு என்னடா ஆச்சு?"

"கெடச்சுடுத்து."

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "போறது, கோட்டு ஒருத்தனுக்காவது உபயோகமாச்சே!"

நான் பாஸ் செய்த ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு பெயர் இருந்தது. அன்று அவன் என் கையைப் பிடித்தபோது உண்மையைச் சொல்லாமல் தோற்றேனே, அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.